பெட்டிக்குள் கிடக்கும் பாலமுரளி

பாலமுரளி கச்சேரி ஒலிநாடாக்களை வீட்டில் வைத்திருக்கும் ரசிகர்களுக்கு,

உங்களைப் பேர் சொல்லி அழைக்க எனக்கு வழியில்லை. ஆனால் நீங்கள் எங்கெல்லாம் இருக்கிறீர்கள் என்பது ஓரளவு தெரியும். மயிலாப்பூரில், மாம்பலத்தில், கும்பகோணத்தில், திருச்சியில், மும்பை மாட்டுங்காவில், பெங்களூர் மல்லேஸ்வரத்தில். ஒரு காலத்தில் கச்சேரிக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மேடையோரம் மைக்கை வைக்க வித்வானிடம் அனுமதி கேட்டு நின்றவர்கள் நீங்கள். அல்லது அப்படிப் போனவரின் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளை. அந்த நாடாக்கள் இன்றும் உங்கள் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ இருக்கின்றன. அவற்றில் ஊர் அதிகம் கேட்டிராத ஒரு பாலமுரளி இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். அவருக்காகத்தான் இந்த மடல்.

மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா என்றதும் உங்களுக்கு முதலில் காதில் விழுவது குரல்தான். எனக்கும் அப்படித்தான். கர்நாடக சங்கீதம் பக்கமே வராத தமிழர் வீட்டிலும் ‘ஒருநாள் போதுமா’ தெரியும். ‘தங்கரதம் வந்தது’ தெரியும். ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ தெரியும். கச்சேரி ரசிகர்களான உங்களுக்கு அவருடைய தில்லானாக்கள் தெரியும். 72 மேளகர்த்தா ராகங்களிலும் சிறு வயதிலேயே கிருதிகள் செய்தவர் என்பதும், நான்கே சுரங்களில் மகதி போன்ற ராகங்களைக் கொண்டுவந்தவர் என்பதும் தெரியும். 1978-ல் சங்கீத கலாநிதி, 1991-ல் பத்ம விபூஷண் என்று பட்டங்களையும் நீங்கள் வரிசையாகச் சொல்வீர்கள்.

அவர் வயலின் வாசித்தார், மற்ற வித்வான்களுக்குப் பக்கவாத்தியமாகவே வாசித்தார் என்பதை உங்களில் எத்தனை பேர் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்கள்? வயோலாவில் தனிக் கச்சேரி செய்தவர் என்பதை? மிருதங்கமும் கஞ்சிராவும் கைக்கு வந்தவர் என்பதை? எல்லாம் பதிவான செய்திகள்தான். ஆனால் ‘பல வாத்தியங்களும் வாசிப்பார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். 2016 நவம்பர் 22-ல் அவர் சென்னையில் காலமானபோது நான் படித்த அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றிலும் இதே கதைதான். குரலுக்குப் பத்திகள், திரைப்பாட்டுக்குப் பத்திகள், அவர் கொண்டுவந்த புது ராகங்கள் பற்றிய சர்ச்சைக்குப் பத்திகள். வயோலாவுக்கு ஒரு சொல், அதுவும் காற்புள்ளிகளுக்கு நடுவே.

‘திருவிளையாடல்’ படத்தை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். 1965-ல் வந்தது, ஏ. பி. நாகராஜன் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை. பாண்டிய நாட்டையே சவாலுக்கு இழுக்கும் ஹேமநாத பாகவதராக டி. எஸ். பாலையா. அவர் அவையில் பாடும் ‘ஒருநாள் போதுமா’ பாலமுரளியின் குரல். அந்தப் பாகவதரை ஊரைவிட்டு ஓடவைக்கச் சிவனே இறங்கி வந்து பாடும் ‘பாட்டும் நானே’ டி. எம். சௌந்தரராஜனின் குரல். அந்தப் பாட்டில் சிவாஜி ஒருவரே வீணை வாசிப்பார், மிருதங்கம் வாசிப்பார், குழல் ஊதுவார். பாட்டும் வாத்தியங்களும் எல்லாம் ஒருவனே என்பதைக் காட்ட, அன்றைக்கு முடிந்த கேமரா வித்தை அத்தனையும் செய்திருப்பார்கள். படம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனதில் உறுத்தும் விஷயம் இது: பாடவும் வாத்தியங்கள் வாசிக்கவும் உண்மையிலேயே வல்லவரான ஒருவர் அதே படத்தில் இருந்தார். அவர் தோற்றுப் போகும் பாகவதரின் குரலாக மட்டும் இருந்தார். கதை அப்படி, யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாடு அவரைக் குரலாக மட்டும் எடுத்துக்கொண்டதற்கு அந்தப் படத்தைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கச்சேரி மேடையின் அமைப்பே இதற்கு ஒரு காரணம். நடுவில் பாடகர், பக்கத்தில் பக்கவாத்தியம். பேச்சிலும் நாம் அப்படியே பழகிவிட்டோம். வாய்ப்பாட்டு முதல், வாத்தியம் அப்புறம். பாடகர் ஒருவர் வில்லைக் கையில் எடுத்தால் அதை ஒரு பொழுதுபோக்காக, ஒரு வேடிக்கையாகப் பார்ப்போம். செம்பை வைத்தியநாத பாகவதர் வயலினிலும் தேர்ந்தவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ராக விஷயத்தில் பாலமுரளியோடு கடுமையாக மோதிய வீணை எஸ். பாலசந்தரும் பல வாத்தியங்கள் வாசித்தவர்தான். அவரை நாம் வீணைக்குள் அடைத்தோம், இவரைக் குரலுக்குள் அடைத்தோம். ஒருவருக்கு ஒரு பெயர்ப்பலகை போதும் என்று முடிவு செய்துவிட்டோம்.

‘அதனால் என்ன நஷ்டம்? குரல்தான் கேட்கக் கிடைக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குரலையே நாம் பாதிதான் கேட்கிறோம் என்பதுதான் நஷ்டம்.

அவர் பிறந்தது 1930 ஜூலை 6, ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் சங்கரகுப்தம் என்ற ஊரில். தாய் சூர்யகாந்தம்மா வீணை வாசித்தவர். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். வளர்த்தது தந்தை பட்டாபிராமய்யா. அவர் குழல், வயலின், வீணை மூன்றும் அறிந்த சங்கீதக்காரர். பிறகு பாருபல்லி ராமகிருஷ்ணய்ய பந்துலுவிடம் முறைப்படி சிட்சை, அதுவும் தியாகராஜரின் சீடவழியில். வாத்தியங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை அவர். பாட்டில் புகழ் பெற்ற பிறகு சும்மா பொழுதுக்குக் கற்றுக்கொண்டவை அல்ல இவை.

அவர் மந்திர ஸ்தாயியில் இறங்கும் இடங்களைக் கவனியுங்கள். மற்ற பாடகர்கள் கீழே போகும்போது குரல் மெலியும், காற்றுத்தான் மிஞ்சும். இவருக்குக் கீழே போகப் போக நாதம் கனக்கும், அகலும். வயோலாவின் அடித்தந்தி பேசுகிற பேச்சு அது. வயோலா உடல் வயலினைவிட இரண்டு அங்குலம் போலப் பெரியது, தந்திகள் தடித்தவை, மேலைநாட்டுச் சுருதி முறையில் ஒவ்வொரு தந்தியும் வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே நிற்கும். நம் முறையில் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசிக்கும்போது இந்தக் கனம் இடக்கையில் தெரியும். சுரத்துக்குச் சுரம் விரல் இன்னும் தள்ளிப் போக வேண்டும். ஒரு கமகத்தை இழுக்க வில்லிலும் விரலிலும் கூடுதல் அழுத்தம் வேண்டும். வேகமான பிருகாக்களால் பேர் வாங்கிய ஒருவர், வேகத்துக்கு எளிதில் வளையாத அந்த வாத்தியத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? ஆண் குரலின் நாதம் தந்தியில் வர வேண்டும் என்று அவர் விரும்பினார் என்றே நான் எண்ணுகிறேன். அந்த வாத்தியத்தில் அவர் ராகத்தை எப்படிக் கட்டினார் என்பதைக் கேட்டபின் அவருடைய ஆலாபனையைக் கேட்டால் மூச்சு எடுக்கும் இடங்கள்கூட வேறு விதமாகப் புரிகின்றன. வில் திரும்பும் இடத்தில் அவர் மூச்சும் திரும்புகிறது.

அந்த வயோலா நாதத்தைப் பற்றி நான் ஊகத்தில் எழுதவில்லை. உங்களைப் போன்ற ஒருவர் வீட்டில் கேட்டிருக்கிறேன். அறுபது நிமிடக் கேசட் ஒன்று. லேபிளில் பச்சை பால்பாயிண்டில் ‘பாலமுரளி — வயலின்?’ என்று எழுதியிருந்தது, கேள்விக்குறியோடு. பதிவு செய்தவர் இப்போது இல்லை. அவருடைய மருமகள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கம் போட்டோம். வாத்தியம் மெல்லியதாக, சற்றுக் கீச்சென்று கேட்டது. வயலின்தான் என்றே அங்கிருந்த எல்லாரும் சொன்னார்கள். மறுபக்கத்தில் அவரே பாடியிருந்தார். அந்தக் குரலும் கீச்சென்று, ஒரு இளைஞன் அவசரமாகப் பாடுகிற மாதிரி வந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நாடா வேகமாக ஓடுகிறது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இது அதற்கும் மேலே போயிருந்தது. குரல் அவர் குரலாக வரும்வரை வேகத்தைக் குறைத்தோம். அதே வேகத்தில் முதல் பக்கத்தை மறுபடி போட்டோம். வாத்தியத்தின் நாதம் தடித்து, கீழிறங்கி, அறை முழுக்க நிறைந்தது. அடித்தந்தியில் அவர் நின்ற இடங்களுக்கு வயலின் சாதாரணமாகப் போகாது. அது வயோலா. ஒரு மாமாங்கத்துக்கும் மேலாக அந்த வீட்டில் அது வயலினாகவே இருந்திருக்கிறது.

இப்படி எத்தனை கேள்விக்குறிகள் உங்கள் பெட்டிகளில் இருக்கின்றன?

தாள விஷயம் இன்னும் மோசம். அவருடைய தில்லானாக்களில் சொற்கட்டு விழுகிற விதத்தைப் பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலையிலும் தொப்பியிலும் கை வைத்துப் பழகியவன் எழுதிய சொற்கட்டு அது. எந்தச் சொல் கனமாக விழ வேண்டும், எது நழுவிப் போக வேண்டும் என்பது வாயில் வருவதற்கு முன் உள்ளங்கையில் வந்திருக்கிறது. தாளத்தின் ஒலியெழும் தட்டுகளில் நடைபேதத்தைப் புகுத்தி திரிமுகி, பஞ்சமுகி, சப்தமுகி, நவமுகி என்று ஒரு முறையையே அவர் வகுத்தார். அருணகிரிநாதரின் சந்தங்களில் இதற்கு முன்னோடி உண்டு என்பதும் பேசப்படுகிறது. ஏட்டில் கணக்குப் போட்டு மட்டும் இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது. தோலைத் தட்டியவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். அந்த முறையைப் பற்றி இன்றைய இளம் லய வித்வான்களும் ஆராய்ச்சி மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது அவர் கை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் எப்படிப் போயிற்று என்பதை. அதைக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இங்கே உங்கள்மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ‘ஸ்டாப்’ பட்டனை அமுக்கும் பழக்கம் பதிவு செய்தவர்களில் நிறையப் பேருக்கு இருந்தது. நாடா விலை அதிகம், ஒரு பக்கம் முப்பது நிமிடம், அடுத்த கிருதிக்கு இடம் வேண்டும். நியாயம் புரிகிறது. ஆனால் அதனால் எத்தனை லய வித்வான்களின் தனி வாசிப்பு அழிந்தது! இருப்பதையாவது இப்போது காப்பாற்ற வேண்டாமா? பதிவுகளை நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டவர்களும் பாட்டு மட்டும் இருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, வாத்தியம் வரும் இடத்தை வெட்டினார்கள். அப்படி வெட்டப்பட்ட நகல்கள்தான் இன்றைக்கு எங்கும் கிடைக்கின்றன. முழுசாக இருப்பது மூலநாடாவில் மட்டும். அந்த மூலநாடா உங்களிடம் இருக்கிறது.

நிறுவனங்களை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சபா ஒன்றில் பழைய ஸ்பூல்களைப் பற்றி விசாரிக்கப் போனேன். அலுவலகம் இடம் மாறியபோது பழைய சாமான்களோடு போட்டுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார்கள். வானொலி நிலையங்களிலும் நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்ததுண்டு. விஜயவாடாவிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் வானொலியோடு நெருங்கி இருந்தவர் பாலமுரளி. அங்கே அவர் வாசித்தவற்றில் எவ்வளவு மிஞ்சியது என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது. ஆகவே வீட்டு நாடாக்கள்தான் கதி.

அவையும் நாளுக்கு நாள் போய்க்கொண்டிருக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படரும். 1970, 80-களின் சில ஸ்பூல்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே மெஷினில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, ஒலியே பழுப்புப் பொடியாக உரிந்து வரும். அதற்கும் பழைய அசிட்டேட் நாடாக்களில் புளித்த காடி வாசனை வரும். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தால் நாடா சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நாடா பிழைத்தாலும், ஓட்டுவதற்கு நல்ல மெஷின் கிடைப்பதில்லை; மெஷினைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நீங்கள் தயங்குவதற்கான காரணங்களும் எனக்குத் தெரியும். கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம். முன்பு யாரோ வாங்கிப் போய்த் தங்கள் பெயரைப் போட்டு வெளியிட்டுவிட்ட மனக்கசப்பு. அப்பா உயிராக வைத்திருந்தது, வெளியாரிடம் எப்படிக் கொடுப்பது என்ற பாசம். உரிமைச் சிக்கல் வருமோ என்ற கவலை. எல்லாம் நியாயம். ஆனால் நாடாவை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிரதி ஒன்று பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். காப்பகத்தில் பிரதியை வைப்பது வேறு, பொதுவில் வெளியிடுவது வேறு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நிற்கிறது; வெளியிடுவதானால் அவருடைய குடும்பத்தாரையும் உடன் வாசித்தவர்களையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த மரியாதையைக் காப்பகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே பெட்டியைக் கீழே இறக்குங்கள். எந்த நாடாவையும் ஆசையில் உடனே மெஷினில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை, பிசுபிசுப்பு, புளிப்பு வாசனை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அதைக் கையாளத் தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டு வைத்தியம் வேண்டாம். பிறகு லேபிள்களைக் கைபேசியில் படம் எடுங்கள், கேள்விக்குறி உட்பட. அந்தக் கச்சேரிக்குப் போனவர் வீட்டில் உயிரோடு இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்த மண்டபம், யார் யார் கூட வாசித்தார்கள், பாலமுரளி நடுவில் எதையாவது கையில் எடுத்தாரா, அது சிறியதா பெரியதா. நாடாவில் இல்லாத தகவல் இது. இதை எழுதி வைக்க மெஷின் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். எல்லாவற்றிலும் அவசரமானதும் இதுதான், ஏனென்றால் அவர்களுக்கு வயதாகிவிட்டது.

டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் சுருக்கப்படாத கோப்பாகக் கேளுங்கள். இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று சொன்னால் அதைத் தனிப் பிரதியாக வாங்குங்கள். முதல் பிரதியில் கை வைக்க விடாதீர்கள். கஞ்சிராவின் சலங்கைச் சத்தம் அந்த இரைச்சலோடு சேர்ந்தே போய்விடும். கச்சேரியில் எதையும் வெட்ட வேண்டாம்: சுருதி சேர்ப்பது, இருமல், அவர் பக்கவாத்தியக்காரரிடம் சொல்லும் ஒரு வார்த்தை, தனி, மங்களம் எல்லாம் இருக்கட்டும். பிறகு ஒரு பிரதியை எங்கே வைக்கலாம் என்று விசாரியுங்கள். சென்னை மியூசிக் அகாடமியில் ஒலிப்பதிவுக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய, இசைக்கென்றே உள்ள ஆவணக் காப்பகம் ஒன்று குருகிராமில் இருக்கிறது. என்ன நிபந்தனையில் ஏற்பார்கள் என்று கேட்டு, உங்களுக்குச் சம்மதமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விஜயவாடாவிலும் ராஜமந்திரியிலும் உறவினரோ நண்பரோ இருந்தால் இந்தச் செய்தியை அங்கும் சொல்லுங்கள். அவர் இளமையில் வாசித்தது அந்தப் பக்கம்தான் அதிகம்.

2030 ஜூலை 6-ல் பாலமுரளிக்கு நூறு வயது. சபாக்கள் விழா எடுக்கும். மேடையில் அவருடைய கிருதிகளைப் பாடுவார்கள், ‘ஒருநாள் போதுமா’வையும் ‘சின்னக் கண்ண’னையும் பாடுவார்கள், பேச்சாளர்கள் அதே ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு உட்கார்வார்கள். அந்த நூற்றாண்டு விழாவில் ஒரு மாலையாவது அவருடைய வயோலாவையும் வயலினையும் மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் அவர் கையாலேயே வாசிக்கக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கான ஒலிக்குச் சபாக்களை நம்ப முடியாது, உங்களைத்தான் நம்புகிறேன். நாடாக்களை எண்ணி, லேபிள்களை எழுதி, பிரதி எடுத்து முடிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். தயவுசெய்து இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

உங்களில் ஒரு ரசிகன்